ஆழமில்லாத ஏரிக்கு வீசும் சோனார்: வாங்கலாம், ஆனால் மீன் பார்க்க அல்ல

கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் உருண்டை. தூண்டில் நரம்பின் நுனியில் கட்டி ஏரிக்குள் வீசினால் மிதந்துகொண்டே ஒலி அலையை அடிக்கு அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து ஆழம், தரை, பாசி, மீன் எல்லாவற்றையும் போன் திரையில் வரைந்து காட்டும். எந்த நிறுவனத்தின் மாடல் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறைகளில் பாதிக்கு மேல் இயற்பியலின் குறைகள், மேலே எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான் இருக்கும். என்னிடம் இருப்பது இரண்டு ஒலிக் கற்றை உள்ள நடுத்தர மாடல்: 15 பாகையில் ஒரு குறுகிய கற்றை, 55 பாகையில் ஒரு அகலக் கற்றை. நான் தூண்டில் போடும் ஏரி பெரும்பாலும் ஒன்றரை மீட்டர், குழி இருந்தால் இரண்டரை. இந்த விமர்சனம் அப்படிப்பட்ட தண்ணீருக்கு மட்டும்தான். அணையிலும் ஆழமான ஏரியிலும் மீன் பிடிப்பவர்களுக்கு இதே கருவி நன்றாகவே உழைக்கும், அவர்கள் கீழே உள்ள புலம்பலைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

சுருக்கமாக என் தீர்ப்பு: ஆழம் பார்க்க, தரை எப்படி என்று பார்க்க, பாசி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க அருமையான சாமான். மீன் எங்கே, எத்தனை, என்ன அளவு என்று அது சொல்வதை நம்பித் தூண்டில் குச்சியை எடுத்துக்கொண்டு கரை கரையாக அலைய வேண்டாம். பெட்டியின் மேல் பெரிதாக மீன் படம்தான் போட்டிருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

ஏன் அப்படி என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். கற்றை கூம்பு வடிவில் கீழே விரிகிறது. 20 மீட்டர் ஆழத்தில் 15 பாகைக் கூம்பின் அடிவட்டம் ஐந்து மீட்டருக்கு மேல் வரும், ஒரு அறையே அதற்குள் அடங்கும். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அதே வட்டம் வெறும் 40 சென்டிமீட்டர். கன அளவாகப் பார்த்தால் இன்னும் மோசம்: 20 மீட்டரில் ஏறத்தாழ 145 கன மீட்டர் தண்ணீரை ஒரே பார்வையில் பார்க்கும் கருவி, ஒன்றரை மீட்டரில் பார்ப்பது 60 லிட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரு ஹெக்டேர் பரப்பும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள தண்ணீர் என்றால் ஒன்றரைக் கோடி லிட்டர். அதில் 60 லிட்டரைப் பார்த்துவிட்டு "இங்கே மீன் இல்லை" என்று திரை சொல்வதற்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? அகலக் கற்றைக்கு மாற்றினால் வட்டம் ஒன்றரை மீட்டராக விரியும், தண்ணீரும் ஆயிரம் லிட்டர் பக்கம் வரும். ஆனால் ஓரத்துப் பாசி, சரிவு, ஊன்றிய குச்சி எல்லாம் ஒன்றாகக் கலந்து திரை கலங்கிவிடும்.

அந்த 60 லிட்டரையும் முழுசாகப் பார்க்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஒலியை அனுப்பிய கையோடு கருவியின் உள்ளே அதிர்வு அடங்கச் சிறிது நேரம் பிடிக்கும், அதுவரை வரும் எதிரொலி எதையும் அதனால் பிரித்தறிய முடியாது. என்னுடையதில் மேல்மட்டத்து அரை மீட்டர் இப்படிப் போய்விடுகிறது. கீழேயும் ஒரு குருட்டுப் பகுதி உண்டு: தரையை ஒட்டிக் கிடக்கும் மீனின் எதிரொலியும் தரையின் எதிரொலியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் இரண்டும் ஒரே கோடாகிவிடும். மேலே அரை மீட்டர், கீழே ஒரு சாண், இரண்டையும் கழித்தால் ஒன்றரை மீட்டர் தண்ணீரில் ஒரு மீட்டருக்கும் குறைவாகத்தான் மிச்சம். ஆழமில்லாத ஏரியில் பெரும்பாலான மீன் இருப்பதோ கழித்துவிட்ட அந்த இரண்டு அடுக்கிலும்தான். கெண்டை மூக்கால் சேற்றைக் கிளறிக்கொண்டு தரையில் இருக்கும், விரால் மூச்சுக் காற்றுக்காக மேலே வந்துவிட்டுப் பாசிக்குள் போய்விடும், கெளுத்தி பகலில் சேற்றோடு சேறாகக் கிடக்கும்.

இதை ஒரு விடிகாலையில் கண்ணெதிரே பார்த்தேன். காற்றே இல்லாத புழுக்கமான இரவுக்குப் பிறகு தண்ணீர் பச்சையாக, எண்ணெய் தடவியது போல அசையாமல் கிடந்தது. கரையிலிருந்து நாலைந்து மீட்டர் தூரத்தில் வாய் வாயாகத் தெரிந்தது. கெண்டையும் ஜிலேபியும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, சின்னச் சின்ன வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்று மோதிக்கொண்டிருந்தன. சோனாரைப் பக்கத்தில் மெதுவாக இறக்கினேன். திரையில் ஆழம் 1.4 மீட்டர், மீன் பூஜ்யம். கருவி பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரியும் அடுக்கில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. பாசியும் நுண்பாசியும் பகலில் ஆக்சிஜன் விட்டாலும் இரவு முழுக்க அதையே உறிஞ்சுவதால் விடிகாலையில்தான் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கும். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான் முடியும், ஆக சூடான காலத்தில் தொடக்கக் கையிருப்பே குறைவு. அது இரண்டு மூன்று மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது மீன் காற்றோடு தொட்டுக்கொண்டிருக்கும் மேல் விளிம்புக்கு ஓடி வரும். அன்றைக்கு நான் தூண்டிலைப் பிரிக்கவே இல்லை. மூச்சுக்குத் தவிக்கும் மீன் இரை எடுக்காது, எடுத்தாலும் பிடிக்க மனசு வராது.

மீன் இருக்கும்போது இல்லை என்பது ஒரு பக்கம். இல்லாதபோது இருக்கிறது என்பது அதைவிடத் தொல்லை. ஒலி அலைக்கு மீனின் சதை ஒரு பொருட்டே இல்லை, சதையும் கிட்டத்தட்டத் தண்ணீர்தான்; எதிரொலியின் பெரும்பங்கு மீனுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்துதான் வருகிறது. அதாவது கருவி தேடுவது தண்ணீருக்குள் இருக்கும் காற்றை. ஆழமில்லாத ஏரியில் மீன் வயிற்றுக்கு வெளியேயும் காற்று ஏராளம். சேற்றில் மக்கும் இலை தழையிலிருந்து மீத்தேன் குமிழி குமிழியாகக் கிளம்பும், வெயில் ஏற ஏற அதிகம், காற்றழுத்தம் சட்டென்று இறங்கும் மழைக்கு முந்தைய நேரத்தில் இன்னும் அதிகம். திரையில் பெரிய மீன் சின்னம் ஒன்று தரையிலிருந்து கிளம்பி நேராக மேலே வருகிறது, வருகிறது, அடுத்து என் மிதவைக்குப் பக்கத்தில் நாலு குமிழி பொட்டென்று உடைகிறது. இது பழகிப்போன காட்சி. ஒரே சீராக மேலே ஏறும் சாய்கோடு என்றால் குமிழி, வளைந்து இறங்கும் வில் என்றால் மீனாக இருக்கலாம் என்று பிரித்துக்கொள்ளலாம், ஆனால் கருவி அசையாமல் நிற்கும்போது மீனும் கோடாகத்தான் வரையப்படும். கெண்டை சேற்றைக் கிண்டினாலும் குமிழி வரும் என்பது இதில் இன்னொரு குழப்பம், அந்தக் குமிழியை நம்பித் தூண்டில் போட்டு மீன் பிடிக்கவும் செய்திருக்கிறேன், கருவி சொன்ன காரணம் தப்பு, இடம் சரி.

பாசிக் கதையும் இதேதான். வேலம்பாசி மாதிரியான முழுகிய செடிகள் மதிய வெயிலில் இலையெல்லாம் ஆக்சிஜன் முத்தாக நிற்கும், அப்போது கற்றை உள்ளே நுழையவே முடியாமல் திரை முழுக்க ஒரே அடர்த்தியாகக் கிறுக்கிவிடும், ஆப் அதைத் தரை என்று எடுத்துக்கொண்டு ஆழத்தையே குறைத்துக் காட்டும். அதே இடத்தில் காலையில் வீசினால் செடியின் தண்டு தண்டாக, அதன் கீழே தரை தனியாகத் தெரியும். ஆக பாசி வரைபடம் எடுப்பதென்றால் காலையில் எடுங்கள். கையேட்டில் இது இல்லை.

மீன் அளவு என்று சின்னது, நடுத்தரம், பெரியது என மூன்று சின்னம் வைத்திருக்கிறார்கள். எதிரொலியின் பலத்தை வைத்துச் சொல்வது அது. ஒரே மீன் படுக்கையாக நீந்தும்போது ஒரு பலம், தலையைச் சாய்த்து இரை எடுக்கும்போது வேறு பலம், கற்றையின் நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. நான் அந்தச் சின்னத்தை அணைத்தே வைத்திருக்கிறேன்.

சரி, திட்டியது போதும். நல்லதைச் சொல்கிறேன். ஆழம் காட்டுவதில் கைதேர்ந்தது. நரம்பில் ஈயம் கட்டி இறக்கிப் பார்த்து ஒப்பிட்டதில் பாசி இல்லாத இடங்களில் விரல் அகலத்துக்குள் ஒத்துப்போனது. ஆழமில்லாத ஏரியில் ஆழம்தான் எல்லாமே. தட்டையாகக் கிடக்கும் ஏரியில் முழங்கால் உயர வித்தியாசம் உள்ள ஒரு பழைய வாய்க்கால் தடம், மண் எடுத்த குழி, இவை கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் வற்றும்போது மீன் ஒதுங்குவது அங்கேதான். விசிறி மாதிரி பரப்பி வீசி மெதுவாக இழுத்ததில் அப்படி ஒரு தடம் வளைந்து வளைந்து போவது வரைபடத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

தரையின் தன்மை காட்டுவதிலும் குறை சொல்ல முடியாது. ஒலி தரையில் பட்டு மேலே வந்து, நீர்ப்பரப்பில் மோதி மறுபடி கீழே போய்த் திரும்புவதால் சரியாக இரண்டு மடங்கு ஆழத்தில் இரண்டாவது கோடு ஒன்று விழும். கெட்டித் தரை, சரளை என்றால் அந்த இரண்டாவது கோடு பளிச்சென்று இருக்கும், பதம் குறைந்த சேறு ஒலியை விழுங்கிவிடுவதால் மங்கலாக இருக்கும் அல்லது இருக்காது. ஜிலேபி கூடு தோண்டும் கெட்டித் திட்டுகளை இப்படித்தான் கண்டுபிடித்தேன். ஒரு எச்சரிக்கை: ஒரு மீட்டருக்குக் குறைந்த தண்ணீரில் ஆப் சில நேரம் இந்த இரண்டாவது கோட்டையே தரை என்று பிடித்துக்கொண்டு 80 சென்டிமீட்டரை 1.6 மீட்டர் என்று காட்டும். குழி கிடைத்துவிட்டது என்று துள்ள வேண்டாம், ஈயத்தைப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் காசுக்கு நியாயம் சொல்வது பாசி வரைபடம்தான். பருவத்துக்கு ஒருமுறை அதே கரையோரத்தை வீசி எடுத்துச் சேமித்து வைத்தால் பாசி பரவுகிறதா, பின்வாங்குகிறதா என்று தெரிந்துவிடும். இது எதற்கு என்று கேட்டால், ஆழமில்லாத ஏரியின் மீன் வளம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. இந்த வகை ஏரிகள் இரண்டு நிலையில் ஏதோ ஒன்றில் நிற்கும்: செடிகள் நிறைந்து தண்ணீர் தெளிந்திருக்கும், அல்லது செடி அழிந்து நுண்பாசியும் சேறும் கலங்கிப் பச்சையாக இருக்கும். இரண்டும் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். செடி இருந்தால் அலை அடங்கிச் சேறு படியும், வெளிச்சம் அடிவரை போகும், செடி இன்னும் வளரும். கலங்கிவிட்டால் வெளிச்சம் போகாது, செடி வராது, காற்று ஒவ்வொரு முறையும் தரையைக் கிளறும், கெண்டை பெருகி அது ஒரு பக்கம் கிளறும். தெளிந்த நிலையில் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீனுக்கும் அதன் குஞ்சு ஒளிவதற்கும் இடம் இருக்கும், கலங்கிய நிலையில் கிளறித் தின்னும் கூட்டம்தான் ஆளும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கும் ஒகிசோபி ஏரி இதற்கு நல்ல உதாரணம். 1,900 சதுர கிலோமீட்டர் பரப்பு, சராசரி ஆழம் மூன்று மீட்டருக்கும் குறைவு. 2004லும் 2005லும் அடித்த சூறாவளிகள் சேற்றைக் கிளறிவிட்டதில் முழுகிய செடிகள் பெருமளவு அழிந்து, லார்ஜ்மௌத் பாஸ் என்ற வேட்டை மீனின் குஞ்சுகள் தேறுவது குறைந்துபோனது. 2007இல் வறட்சியால் நீர்மட்டம் அதுவரை இல்லாத அளவுக்கு இறங்கிய பிறகுதான் செடிகள் மறுபடி தலையெடுத்தன. மீனைப் பார்க்காமலே, செடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலே ஏரி எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஓரளவு தெரியும், அந்த வேலைக்கு இந்த உருண்டை போதும்.

ஆப்பில் "மீன் செறிவு" என்று ஒரு வண்ணப் படம் வருகிறது, சிவப்பு இருந்தால் மீன் அதிகமாம். இதைப் படம் பிடித்துப் போட்டு "ஏரியில் மீன் குறைந்துவிட்டது", "ஏரி நிறைய மீன்" என்று சண்டை போடுபவர்களைப் பார்க்கும்போதுதான் எரிச்சலாக இருக்கிறது. மீன் வளத்தைக் கணக்கெடுக்கும் ஆய்வாளர்கள் அளவு திருத்திய சோனாரையே இந்த ஆழத்தில் கீழ்நோக்கி நம்புவதில்லை, கற்றையைப் பக்கவாட்டில் திருப்பி அனுப்பிப் பார்ப்பார்கள், பாசி அடர்ந்த இடத்தில் அதையும் விட்டுவிட்டு வலைக்குப் போய்விடுவார்கள். ஐரோப்பிய நியமத்தில் இதற்கென்றே ஒரு செவுள் வலை இருக்கிறது: 30 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் உயரம், முடிச்சுக்கு முடிச்சு 5 மில்லிமீட்டரிலிருந்து 55 மில்லிமீட்டர் வரை 12 விதக் கண்ணி ஒரே வலையில். பெரியது சின்னது எல்லாம் மாட்டட்டும் என்பதற்காக. இன்னொரு வழி, பிடித்துக் குறியிட்டு விட்டு மறுபடி பிடிப்பது: 200 மீனுக்குக் குறி போட்டு விடுகிறோம், பிறகு பிடித்த 150இல் குறியுள்ளது 10 என்றால் ஏரியில் சுமார் 3,000 இருக்கும் என்று கணக்கு. இடையில் மீன் உள்ளே வெளியே போகக்கூடாது, குறி விழக்கூடாது, குறியிட்ட மீன் மற்றவற்றோடு நன்றாகக் கலந்திருக்க வேண்டும் என்று ஆயிரம் நிபந்தனை அதற்கும் உண்டு.

தூண்டில்காரர்கள் செய்யக்கூடியது ஒரு நோட்டுப் புத்தகம்தான். எத்தனை மணி நேரம் போட்டேன், என்ன மீன், எவ்வளவு நீளம். நீளம் முக்கியம், எண்ணிக்கையைவிட முக்கியம் என்பேன். தண்ணீர் வற்றி மீன் எல்லாம் மிச்சமிருக்கும் ஒரே குழிக்குள் ஒதுங்கும்போது மணிக்கு விழும் மீன் ஏறிக்கொண்டே போகும், ஏரியில் மீன் குறைந்துகொண்டிருக்கும்போதே. அந்தக் குழியை இந்தச் சோனார் இன்னும் சுலபமாகக் காட்டிக் கொடுக்கும், அதனால் இதை வாங்கியவரின் நோட்டு இன்னும் அதிகமாக ஏமாற்றும். நீளம் அப்படி ஏமாற்றாது. குஞ்சு அளவு மீனே வருஷக் கணக்கில் மாட்டவில்லை என்றால் இனப்பெருக்கத்தில் ஏதோ கோளாறு, முட்டையுள்ள ஜிலேபிகூட விரல் நீளத்தில் மாட்டினால் கூட்டம் அதிகமாகிக் குட்டையாகவே நின்றுவிட்டது என்று அர்த்தம். ஒரு அளவுகோலுக்குப் பேட்டரி வேண்டாம்.

அப்புறம் கையாளும் விஷயங்கள். உருண்டை கிட்டத்தட்ட 100 கிராம் கனம். சாதாரண மெல்லிய குச்சியில் இதை வீசினால் குச்சி முறியும் அல்லது நரம்பு அறுந்து உருண்டை தனியாகப் பறக்கும். குச்சியின் அடியில் எத்தனை கிராம் வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள், பார்த்துவிட்டு வீசுங்கள். பின்னல் நரம்பு நல்லது, நைலான் நீட்சி கொடுப்பதால் பாசியில் சிக்கும்போது இழுத்து எடுப்பது சிரமம். ஒரு மீட்டர் தண்ணீரில் 100 கிராம் உருண்டை தொப்பென்று விழுந்தால் பக்கத்தில் இருக்கும் மீன் எல்லாம் ஓடிவிடும், அப்புறம் திரையில் மீன் இல்லை என்று வருத்தப்பட்டு என்ன செய்வது. பார்க்க வேண்டிய இடத்தைத் தாண்டி வீசி, மெதுவாக இழுத்து வாருங்கள்.

போனோடு வைஃபையில் பேசுகிறது. வைஃபை தண்ணீருக்குள் ஊடுருவாது, ஆகையால் அலை உருண்டையின் மேல் ஏறும்போதெல்லாம் திரை உறைந்து மறுபடி பிடிக்கும். போனைக் கையில் உயரமாக வைத்திருந்தால் பரவாயில்லை, தரையில் வைத்தால் தொடர்பு தொலைந்துவிடும். வெப்பநிலையும் காட்டுகிறது, ஆனால் அது மேல்மட்டத் தண்ணீரின் சூடு மட்டும். காற்றடிக்கும் நாளில் ஆழமில்லாத ஏரி மேலும் கீழும் கலந்துவிடுவதால் அதையே முழு ஏரிக்கும் எடுத்துக்கொள்ளலாம், காற்றில்லாத மதியத்தில் அடியில் வேறு கதை.

தண்ணீர் பட்டதும் தானாக இயங்கும் வகை, அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கின்றன. ஈரத்தோடு பைக்குள் போட்டால், அல்லது ஒரு துண்டுப் பாசி இரண்டு புள்ளியையும் தொட்டுக்கொண்டு ஒட்டியிருந்தால், பைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்து சார்ஜ் முழுக்கக் காலியாகிவிடும். துடைத்துக் காயவைத்து உள்ளே வையுங்கள். பழையதாக வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் அந்தப் புள்ளிகளைத்தான்: கறுத்துப் பொடிந்திருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கடுத்து சார்ஜ் துளையின் ரப்பர் மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று பாருங்கள். மூடி மட்டும் தனியாகக் கேட்டால் கொடுக்கமாட்டேன் என்கிறார்கள், முழுக் கருவியையும் அனுப்பச் சொல்கிறார்கள்.